எத்தனை நாள் லீவு?

எங்கள் ஊர் டீக்கடைக்காரர் 17 வருடமாக என்னைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்விதான். "வாங்கப்பு, எப்ப வந்தீக? எத்தனை நாள் லீவு?" நான் நாள் கணக்கைச் சொல்வேன். அவர் கிளாஸை வெந்நீரில் இரண்டு தடவை அலசி, பால் கூடுதலாக ஊற்றி டீ போட்டுத் தருவார். காசு கொடுத்தால் வாங்க மாட்டார். 2020 செப்டம்பரில் பட்டாளத்தை முடித்துக்கொண்டு மொத்தமாக வந்து சேர்ந்தபோதும் அதே கேள்வி. "இனிமே போகலண்ணே, முடிச்சுட்டு வந்துட்டேன்" என்றேன். "அப்படியா, நல்லதுப்பு" என்றார். டீ அதே கூடுதல் பாலோடு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வயதுக்காரர்கள் குடித்த டீயெல்லாம் நோட்டில் ஏறிக்கொண்டிருந்தது. என் பெயர் மட்டும் அந்த நோட்டில் இல்லை.

அதில் என் பெயர் ஏற ஒன்றரை வருடம் ஆனது. அந்த ஒன்றரை வருடத்தைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். முந்தைய 17 வருடத்தைச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் செட்டிநாடு ரயில் நிலையத்திலிருந்து சைக்கிளில் அரை மணி நேரம். வெளியூர்க்காரர்களுக்குச் செட்டிநாடு என்றால் பெரிய வீடுகளும் ஆத்தங்குடிக் கல்லும் கோழிக் குழம்பும் ஞாபகத்துக்கு வரும். எங்களுக்குக் கண்மாய்தான். வருடம் முழுக்க ஓடும் ஆறு எங்கள் பக்கம் கிடையாது. நாற்று விட்டு நடுகிற அளவுக்குத் தண்ணீரும் இருக்காது. ஆடியிலும் ஆவணியிலும் கிடைத்த மழைக்கு உழுது உழுது மண்ணைப் புழுதியாக்கி, புரட்டாசியில் நெல்லை நேரடியாக வயலில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். புழுதி விதைப்பு என்பார்கள். ஏக்கருக்கு 30 கிலோ விதைநெல். அது முளைத்து வளர்வது ஐப்பசி, கார்த்திகை மழையில். பொதிக்கதிர் ஆகும் நேரத்தில் மழை நின்றுவிட்டால் கண்மாய்த் தண்ணீர்தான் காப்பாற்ற வேண்டும். ஒரு போகம், அவ்வளவுதான். எங்களுக்கு இரண்டரை ஏக்கர், அதுவும் கடைமடை. மேலே எல்லாரும் பாய்ச்சி முடித்த பிறகு எங்களுக்கு வரும். சில வருடம் வராது.

இப்படிப்பட்ட மண்ணிலிருந்து ஆட்கள் வெளியே போவது புதிதில்லை. நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடல் தாண்டிக் கொண்டுவிற்கப் போனார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த கடைகளுக்கு இங்கிருந்து போன ஆட்கள் மூன்று வருடக் கணக்கு முடித்து ஊர் திரும்புவார்கள், கொஞ்ச நாள் இருந்துவிட்டு மறுபடி கப்பல் ஏறுவார்கள். 1930களின் கடைசியில் கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. புழுதியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கிற ஊரிலிருந்து போனவர்களுக்கு ஐராவதி டெல்டாவில் அவ்வளவு நெல் நிலம் சேர்ந்திருக்கிறது! அப்புறம் 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் எல்லாவற்றையும் போட்டுவிட்டுத் திரும்ப வேண்டியதாயிற்று. இன்றைக்கும் எங்கள் பக்கத்தில் பல பெரிய வீடுகள் வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டித்தான் கிடக்கின்றன. கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, திருவிழா என்றால் திறப்பார்கள். என் அப்பத்தா அப்படி ஒரு வீட்டில் முற்றம் கூட்டுகிற வேலை பார்த்தது. வருகிறவர்கள் எல்லாரும் அதனிடம் அன்பாகப் பேசுவார்களாம். ஆனால் கிணற்றில் தண்ணீர் எந்த மாதம் எந்தப் படியில் நிற்கும் என்பது அந்த வீட்டில் அப்பத்தாவுக்கு மட்டும்தான் தெரியும். சின்ன வயதில் இதைக் கேட்டுச் சிரித்திருக்கிறேன்.

பன்னிரண்டாவது முடித்து ஒரு வருடம் அப்பாவோடு உழுதேன். அந்த வருடமும் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. 2003இல் ஆள்சேர்ப்புக்குப் போனேன். கால்நடைப் பண்ணைப் பக்கம், இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்ட பழைய விமானத்தளம் இருக்கிறது. அந்த ஓடுபாதையில்தான் விடியற்காலையில் ஓடிப் பழகினேன். இரண்டு பக்கமும் புதர், நடுவில் நேராக நீண்டு கிடக்கும் தளம். விமானம் இறங்குவதற்காகப் போட்ட பாதையில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறேன். ஷூ வாங்க வசதி இல்லை என்பது ஒரு காரணம். வெறுங்கால்தான் எனக்கு வேகம் என்பது இன்னொன்று.

வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் பயிற்சி மையத்தில் போய்ச் சேர்ந்த முதல் வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது பூட்ஸ்தான். குளிரைக்கூடத் தாங்கிவிட்டேன். சேற்றிலும் கட்டாந்தரையிலும் விரிந்து கிடந்த கால், தோலுக்குள் அடங்க மறுத்தது. குதிகால் முழுக்கக் கொப்புளம். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் பார்த்துவிட்டு, "வயக்காட்டுக் காலா? மூணு மாசத்துல சரியாயிரும்" என்றார். அவரும் தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி மகன். அவர் சொன்னபடியே ஆயிற்று. 1758இல் தொடங்கிய படை, இந்தியத் தரைப்படையின் மிகப் பழைய காலாட்படை என்று வகுப்பில் சொன்னார்கள். "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு" என்று முதல் தடவை கூட்டமாகக் கத்தியபோது உடம்பு சிலிர்த்தது உண்மை. கசம் பரேடில் கொடியின் முன் நின்று உறுதி எடுத்த அன்றைக்கு ஊரில் அறுப்பு. அப்பாவும் அம்மாவும் வர முடியவில்லை. ஆள் கிடைத்த நாளில் அறுத்தாக வேண்டுமே.

இதற்கு மேல்தான் நான் சொல்ல வந்த விஷயம். சிப்பாய்க்கு வருடத்துக்கு 60 நாள் ஆண்டு விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு. கேட்ட நேரத்தில் கிடைக்காது, முறை போட்டுத்தான் அனுப்புவார்கள். ஆனால் கேட்கிற மாதத்தை நாம் எழுதிக் கொடுக்கலாம். நான் எப்போதும் தை மாதத்தை எழுதிக் கொடுப்பேன். பொங்கல், சிராவயல் மஞ்சுவிரட்டு, கையோடு அறுப்பு. தை கிடைக்காவிட்டால் பங்குனி. குன்றக்குடியில் உத்திரம், காரைக்குடியில் முத்துமாரியம்மனுக்குப் பால்குடம். 17 வருடத்தில் ஒரு தடவைகூட நான் புரட்டாசியைக் கேட்டதில்லை. யார் கேட்பார்கள்? திருவிழா கிடையாது, கையில் காசு இருக்காது, வெயில் கொளுத்தும், ஊரே வானத்தைப் பார்த்துச் சிடுசிடுவென்று இருக்கும்.

அதனால் என் ஊர் எனக்கு எப்போதும் கதிர் முற்றிய ஊராகவே இருந்தது. போர்முனையில் படுத்துக்கொண்டு ஊரை நினைத்தால் மஞ்சள் வயலும் வைக்கோல் வாசனையும்தான் வரும். விதைப்பும் களையெடுப்பும், மடைக்கு மடை நடக்கும் சண்டையும், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் இருக்கும் பயமும் மெல்ல மெல்ல என் தலையிலிருந்து கழன்றுகொண்டன. அப்போது அது எனக்குத் தெரியவில்லை.

2010இல் சியாச்சினுக்குப் போனேன். அடிவார முகாமே 12,000 அடி. மேலே போவதற்கு முன்னால் பனியில் நடக்க, கயிற்றில் ஏற, பனிப்பிளவில் விழுந்தவனைத் தூக்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். அப்புறம் ஓ.பி. பாபா கோயிலில் போய் நின்று, மேலே போகிறோம் என்று அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். திரும்பி வந்ததும் வந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். ஓம் பிரகாஷ் என்ற ஜவான், ஒரு நிலையைத் தனி ஆளாகக் காத்து அங்கேயே மறைந்தவர், இன்றைக்கும் காவல் இருக்கிறார் என்று நம்பிக்கை. எனக்கு அதில் விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. எங்கள் கண்மாய்க் கரையில் குதிரையோடு நிற்கும் அய்யனாரிடமும் இப்படித்தான் சொல்லிக்கொண்டு போவோம்.

மேலே மூன்று மாதம். அங்கே நான் மறக்காத ஒன்று தண்ணீர். கண்ணுக்கு எட்டிய தூரம் பனி, குடிக்க ஒரு வாய் இல்லை. மண்ணெண்ணெய் ஸ்டவ்வில் பனிக்கட்டியை வைத்து உருக்க வேண்டும். ஒரு பாத்திரம் நிறையப் பனி போட்டால் அடியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். மறுபடி போட வேண்டும், மறுபடி. ஸ்டவ் புகையில் மூக்கெல்லாம் கரி. எனக்கு அப்பத்தா ஞாபகம் வந்துகொண்டே இருக்கும். ஊருணித் தண்ணீரைக் கொண்டுவந்து, மண்பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசி, கலங்கல் தெளியும்வரை யாரையும் பானையைத் தொட விடாது. ஒரு செம்பு தண்ணீருக்கு அவ்வளவு காத்திருப்பு. அதைப் பார்த்து வளர்ந்தவனுக்குப் பனியை உருக்கக் காத்திருப்பது கஷ்டமாக இல்லை. வடக்கே பெரிய ஆறுகளின் கரையில் வளர்ந்த நண்பர்களுக்குத்தான் பொறுமை போய்விடும். அந்த வேலையை நானே கேட்டு வாங்கிக்கொள்வேன்.

இறங்கி வரும்போது இடது காலில் பெருவிரலும் அடுத்த விரலும் பனிக்கடியால் மரத்துப் போயிருந்தன. விரலை எடுக்க வேண்டியதில்லை என்று மருத்துவர் சொன்னார். நல்லவேளை என்று நினைத்தேன். உணர்ச்சி மட்டும் முழுசாகத் திரும்பவில்லை. பூட்ஸுக்குள் இருக்கிற விரலுக்கு உணர்ச்சி எதற்கு என்று அதோடு விட்டுவிட்டேன்.

2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சினில் சோனம் நிலையின் மேல் பனிச்சரிவு விழுந்தது. 19ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் 10 பேர் அடியில் போனார்கள். அதில் நால்வர் தமிழ்நாட்டுக்காரர்கள். கர்நாடகத்தின் தார்வாட் பக்கத்து லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை ஆறு நாள் கழித்து உயிரோடு தோண்டி எடுத்தார்கள். 11ஆம் தேதி டெல்லி மருத்துவமனையில் அவரும் போய்விட்டார். நான் அப்போது வேறு பட்டாலியனில், வேறு இடத்தில் இருந்தேன். ஆனால் டிவியில் "மெட்ராஸ் ரெஜிமெண்ட்" என்று சொன்னதும் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்துவிட்டார்களாம். அப்பா எனக்குப் போன் போட்டு, நான் "ஹலோ" என்றதும் எதுவும் பேசாமல் அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டிலிருந்து எனக்கு நல்ல சேதி மட்டும்தான் வரும். இதை நான் ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன். அந்த 2016இல் வடகிழக்குப் பருவமழை மாநிலம் முழுக்கப் பொய்த்தது, வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டமாக அரசு அறிவித்தது. நான் போனில் கேட்கும்போதெல்லாம் மனைவி, "கொஞ்சம் தாமதம், ஆனா வந்துரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். பங்குனியில் லீவில் வந்தேன். வீட்டுக்குப் பின்னால் வைக்கோல்போர் இருக்கிற இடம் வெறுமையாகக் கிடந்தது. கட்டுத்தறியில் மாடு இல்லை. "மாட்ட வித்தாச்சுப்பா" என்று என் மகள்தான் சொன்னாள், அவளுக்கு அப்போது ஏழு வயது. மனைவியின் கையில் வளையல் இல்லை என்பதை நானே பார்த்துக்கொண்டேன். அந்த வருடம் விதைநெல்கூட மிஞ்சவில்லை.

"ஏன் சொல்லல?" என்று கேட்டதற்கு அவள் சொன்னது இதுதான்: "துப்பாக்கி புடிச்சு நிக்கிற ஆளுகிட்ட மழை பேயலன்னு எப்படிங்க சொல்றது?"

சொல்லியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். பட்டாளத்தில் இருக்கிறவனுக்குக் கவலை வரக்கூடாது என்று குடும்பங்கள் செய்கிற இந்தக் காரியம் பாசத்தில் செய்வது, எனக்குப் புரிகிறது. ஆனால் அது அவனைக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்கு வெளியே நிறுத்திவிடுகிறது. அவன் அனுப்புகிற பணம் மட்டும் வீட்டுக்குள் போகிறது.

சரி, 2020. அந்த ஜூனில்தான் கல்வானில் 20 பேர் இறந்தார்கள். அதில் ஹவில்தார் பழனி எங்களுக்குப் பக்கத்து மாவட்டம், திருவாடானை தாலுகா கடுக்கலூர்க்காரர். அவருக்கு என்னைவிட நான்கு வயதுதான் அதிகம். அந்தச் சேதியின் பாரத்தோடுதான் என் சர்வீஸின் கடைசி இரண்டு மாதத்தையும் கழித்தேன். ஊர் வந்து, கொரோனா காலம் என்பதால் 14 நாள் வீட்டிலேயே இருந்து, பதினைந்தாம் நாள் காலையில் வயலுக்குப் போனேன். காரைக்குடியில் ஒரு இடத்தில் காவலர் வேலைக்குக் கூப்பிட்டார்கள், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். வயலின் கிழக்கு மூலையில் அரை ஏக்கர் சீமைக் கருவேலம் ஏறிக் கிடந்தது. ஜேசிபி வைத்து வேரோடு எடுத்தேன். மரத்தைக் கரிமூட்டம் போடுகிறவர்கள் வந்து வாங்கிக்கொண்டு போனார்கள். டிராக்டர் விட்டு இரண்டு உழவு. எல்லாம் ஒரு வாரத்தில். பட்டாளத்தில் பழகிய வேகம் அது, ஊரும் நின்று பார்த்தது.

புரட்டாசி முதல் வாரம் ஒரு மழை பெய்தது. மண் வாசனை, தெருவில் ஓடை, தவளைச் சத்தம். மறுநாள் காலையில், "அப்பா, இன்னைக்கு விதைச்சிருவோம்" என்றேன். கேள்வியாகக் கேட்கவில்லை. அப்பா வயலில் இறங்கி, கால் பெருவிரலை மண்ணில் அழுத்தித் திருகிப் பார்த்தார். கொஞ்ச நேரம் வடகிழக்கே பார்த்துக்கொண்டு நின்றார். "சரிப்பா, உனக்குச் சரின்னு பட்டாச் செய்யி" என்றார். மனைவி மட்டும் மெதுவாக, "மாமாகிட்ட இன்னொரு வார்த்தை கேட்டுக்கங்க" என்றாள். நான் கேட்கவில்லை. 75 கிலோ விதைநெல்லையும் அன்றைக்கே விதைத்து முடித்தேன்.

ஆறாம் நாள் முளைத்தது. பச்சையாக ஊசி ஊசியாக வரிசை கட்டி நின்றது. போட்டோ எடுத்து என் பட்டாலியன் நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினேன். அப்புறம் வெயில் அடித்தது. பத்து நாள், பதினைந்து நாள், ஒரு சொட்டு இல்லை. அந்த வருடம் வடகிழக்குப் பருவமழை தொடங்கியதே அக்டோபர் 28ஆம் தேதிதான். முளை முழுக்கக் கருகி, கையால் தடவினால் தூளாகப் போனது. புழுதியில் காய்ந்த நெல் மழைக்காக வாரக்கணக்கில் காத்திருக்கும். அரை ஈரத்தில் முளைத்த நெல்லால் காத்திருக்க முடியாது. இந்த ஒரு விஷயம் எங்கள் ஊரில் பத்து வயசுப் பிள்ளைக்குத் தெரியும். பத்து வயதில் எனக்கும் தெரிந்திருந்தது.

மறுபடி விதைநெல் வாங்கி, பருவமழை பிடித்த பிறகு விதைத்தோம். பட்டம் தவறிய பயிர். தை மாதம் ஊரில் மற்றவர்கள் அறுப்புக்குத் தயாரானபோது எங்களுடையது பால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த 2021 ஜனவரியில் யாரும் எதிர்பாராத மழை கொட்டியதே, தென் மாவட்டமும் டெல்டாவும் மூழ்கியதே, அதில் முற்றிய கதிர்கள் சாய்ந்து வயலிலேயே முளைத்தன. ஊரில் பாதிப் பேருக்கு நஷ்டம். எங்கள் பயிர் பச்சையாக இருந்ததால் ஓரளவு தப்பித்தது. சிலர், "மிலிட்டரிக்காரர் விவரமா லேட்டா வெதச்சிருக்காரு" என்றார்கள். எனக்குத் தரையைப் பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அடுத்தவன் கதிர் தண்ணீரில் முளைத்துக் கிடக்கும்போது நான் செய்த தப்புக்கு எனக்குப் பாராட்டு.

அன்றைக்கு ராத்திரி திண்ணையில் அப்பாவிடம் கேட்டேன். "அன்னைக்கு ஈரம் பத்தாதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அப்புறம் ஏம்ப்பா சொல்லல?"

அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. வெற்றிலையை மடித்து வாயில் வைத்துக்கொண்டு அப்புறம்தான் சொன்னார். "இத்தன வருசமா காசு அனுப்புன புள்ள. லீவுல வந்தவன மறிச்சு எப்படிடா பேசறது?"

லீவில் வந்தவன். நான் வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

அடுத்த வருடம் நான் எதையும் முடிவு செய்வதில்லை என்று வைத்துக்கொண்டேன். சித்திரையிலிருந்து அப்பா பின்னால் நடந்தேன். கோடை மழைக்கு முதல் உழவு எப்போது, அந்த உழவில் எந்தப் புல் சாகும், வரப்பில் எலி வளை எங்கே, எந்தப் பக்கத்து மண் சீக்கிரம் காயும். "ஒரு உழவு மழை", "ரெண்டு உழவு மழை" என்று அப்பா சொல்கிற கணக்கை நான் சின்ன வயதில் கேட்டிருக்கிறேன், அதன் ஆழம் எவ்வளவு என்பதை இப்போதுதான் மண்வெட்டியால் தோண்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். ஈரம் பார்க்க அவர் பெருவிரலை அழுத்துவார். நானும் அழுத்தினேன். வலது காலில் குளுமை தெரிந்தது. வேலைக்கு முந்துகிற என் இடது காலில் ஒன்றும் தெரியவில்லை. சியாச்சினில் விட்டுவிட்டு வந்த அந்த விரல் எதற்குத் தேவை என்று அப்போதுதான் தெரிந்தது. அப்பா அதைக் கவனித்துவிட்டார். எதுவும் சொல்லாமல் குனிந்து, மணிக்கட்டு வரை கையை மண்ணுக்குள் விட்டு, ஒரு பிடி எடுத்து என் உள்ளங்கையில் வைத்து மூடினார். "கையால பாரு" என்றார். இன்றைக்கும் கையால்தான் பார்க்கிறேன்.

கண்மாய் விஷயத்தில் எனக்கு வாத்தியார் என் மனைவி. நான் இல்லாத வருடங்களில் ஊர்க்கூட்டத்தில் எங்கள் வீட்டுக்காக உட்கார்ந்தவள் அவள்தான். மடை திறப்பது எந்த மடையில் தொடங்கும், ஒரு ஏக்கருக்கு எவ்வளவு நேரம், மடை திறந்து தண்ணீர் பிரித்துவிடும் நீர்ப்பாய்ச்சிக்குக் களத்தில் எவ்வளவு நெல் அளக்க வேண்டும், யார் ராத்திரியில் மடையைத் திருப்புவார் என்பதெல்லாம் அவளுக்கு விரல் நுனியில். கடைமடைக்காரன் சண்டை போட்டால் தண்ணீர் வராது, மேல்மடைக்காரனின் வரப்பைச் செதுக்கிக் கொடுத்தால் வரும் என்று சொன்னதும் அவள்தான். அதைத்தான் செய்தேன். 2021 நவம்பரில் பெய்த மழை ஊரே பேசுகிற மழை. எங்கள் கண்மாய் பல வருடத்துக்குப் பிறகு நிறைந்து மறுகால் போனது. கரையில் ஒரு இடத்தில் கசிவு எடுத்து, ராத்திரி இரண்டு மணிக்கு ஊரே ஓடினோம். மணல் மூட்டை கட்டுவதில் எனக்குப் பழக்கம் உண்டு, பட்டாளத்தில் நான் கட்டிய மூட்டைகளுக்குக் கணக்கில்லை. ஆனால் எங்கே போட வேண்டும் என்று எழுபது வயது நீர்ப்பாய்ச்சி சொன்னார். அவர் கை காட்டிய இடத்தில் போட்டேன். விடியும்போது சேற்றோடு எல்லாரும் டீக்கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரர் வரிசையாக டீ கொடுத்துக்கொண்டே வந்தார். என் டீயில் பால் எல்லாருக்கும் போலத்தான் இருந்தது. சில மாதம் கழித்து ஒரு நாள் கையில் சில்லறை இல்லாமல் போனபோது, அவர் பாட்டுக்கு நோட்டை எடுத்து என் பெயரை எழுதினார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020இல் இரண்டு தடவை விதைநெல் வாங்க முடிந்தது பென்ஷன் வந்ததால்தான். மாதம் பிறந்தால் வங்கியில் பணம் விழுகிறது, அதனால் ஒரு போகம் போனாலும் அடுப்பு எரிகிறது. இப்போது எங்கள் ஊர்ப் பையன்கள் போவது அக்னிவீரர்களாக. நான்கு வருடம். அதில் நூற்றுக்கு 25 பேரைத்தான் தொடர்ந்து வைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் சேவா நிதி என்று பத்து லட்சத்துக்கு மேல் ஒரு தொகையோடு திரும்ப வேண்டும், பென்ஷன் கிடையாது. அவர்களுக்கு என்னைப் போல ஒரு விதைப்பைத் தொலைத்துப் படிக்க வசதி இருக்காது. இது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

கண்மாய்க் கரையில் காலையில் ஐந்தாறு பையன்கள் ஓடுகிறார்கள். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் கொண்டுவர அவர்களோடு நானும் நிற்கிறேன். பீமில் தொங்கிப் பத்து புல்-அப் எடுக்க வைக்கிறேன், ஒன்பதடிப் பள்ளம் தாண்ட வைக்கிறேன். போக வேண்டாம் என்று யாரையும் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன். எனக்கு அந்த 17 வருடம் கொடுத்தது பெரிது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். "வருசத்துக்கு 30 நாள்தானே லீவு, அதுல ஒரு தடவையாவது புரட்டாசியில வாங்கப்பா. பொங்கலுக்கு வராட்டி பரவாயில்ல."

கேட்டுக்கொண்டு சிரிப்பார்கள். ஆனால் போன புரட்டாசியில் ஒருவன் வந்தான். அக்னிவீரர்களின் முதல் அணியில் சேர்ந்தவன், அடுத்த தெரு. பஸ்ஸை விட்டு இறங்கி, பையை வீட்டில் போட்டுவிட்டு, நேராக எங்கள் வயலுக்கு வந்துவிட்டான். அவன் அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். நிலத்தைப் பார்ப்பது அவன் அம்மா. முந்தின நாள்தான் ஒரு மழை பெய்திருந்தது. "அண்ணே, அம்மா இன்னைக்கு விதைக்கலாமான்னு கேக்குது" என்றான்.

"எங்க அப்பாகிட்ட கேளு" என்றேன்.

அப்பா வரப்பில் உட்கார்ந்திருந்தார். இப்போது அவருக்குக் கண் அவ்வளவாகத் தெரிவதில்லை. "உன் காலுக்கு என்ன தோணுது?" என்று அவனைக் கேட்டார். பையன் குனிந்து ஷூவின் கயிற்றை அவிழ்த்தான். சாக்ஸைக் கழற்றி ஷூவுக்குள் திணித்துவிட்டு வயலில் இறங்கினான். வெளுத்துப் போன கால், பூட்ஸுக்குள்ளேயே கிடந்த கால். பெருவிரலை அழுத்தினான், இன்னும் கொஞ்சம் தள்ளிப் போய் மறுபடி அழுத்தினான்.

"மேலதான் ஈரமா இருக்கு தாத்தா. அடியில சூடு."

"ம். அப்போ?"

"இன்னொரு மழை வேணும்."

"உன் லீவு எத்தன நாளு?"

"பதினாறு நாள்."

"பொறு" என்றார் அப்பா.

பதினோராம் நாள் ராத்திரி பெய்தது, இரண்டு உழவு மழை. மறுநாள் அவனும் அவன் அம்மாவும் விதைத்தார்கள். நான் டிராக்டரைக் கொண்டுபோய் விதை மண்ணுக்குள் மறைய மூடு உழவு ஓட்டிக் கொடுத்தேன். அவன் ரயில் ஏறிய அன்றைக்கு இன்னும் முளைக்கவில்லை. முளைத்த அன்று போட்டோ எடுத்து அவனுக்கு அனுப்பினேன். எங்கே டூட்டியில் நின்றானோ, ராத்திரி பதினொரு மணிக்குப் பதில் வந்தது. "அண்ணே, மேக்கால மூலைல பயிரு கொஞ்சம் கலக்கமா, விட்டு விட்டு இருக்கு. அம்மாவ அங்க பாக்கச் சொல்லுங்க."